பெருக்கல் வாய்ப்பாடு: வீட்டில் பிள்ளைக்கு நாம் எப்படி உதவலாம்?

மழை விட்டிருந்த ஒரு மாலைப் பொழுதில் யாழ். குடாநாட்டின் கிராமமொன்றுக்குச் சென்றிருந்தோம். பிறத்தியார் காணியில் தகரக் கொட்டில் போட்டு வாழும் ஒரு குடும்பத்தோடு வீட்டுத்தோட்டம் பற்றிக் கதைப்பதே எமது நோக்கம். நாம் போனபோது, நான்காம் தரத்தில் படிக்கும் மகள் வாசலில் பாயைப் போட்டு இருந்துகொண்டு ஏழாம் வாய்ப்பாட்டை உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று..."

கடைசி வரை ஒரு பிழையும் இல்லை. நாம் மெச்சிவிட்டு ஒரு கேள்வி கேட்டோம்.

"பிள்ளை, ஒரு பெட்டியிலை ஏழு முட்டை. அப்பிடி ஆறு பெட்டி இருந்தால் எத்தினை முட்டை?"

பிள்ளை கூரையைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஓரேழிலிருந்து தொடங்கி நாலேழு வரை வந்தபோது தம்பி ஏதோ கேட்டான், கணக்குக் குழம்பிவிட்டது. மறுபடி ஓரேழிலிருந்து தொடங்கினாள். பிறகு கொப்பியை மூடிவிட்டு, "எனக்குக் கணக்கு வராது" என்றாள்.

தகப்பன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எனக்கும் வராது, ஐயா. ஐஞ்சாம் வகுப்போடை விட்டிட்டன். அதுதான் பிள்ளைக்கும் பிடிச்சிருக்கு. நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?"

இக்குடும்பத்தின் ஊர் வலிகாமம் வடக்கில் உள்ளது. 1990 இல் அங்கிருந்து எழும்பியபோது தகப்பனுக்கு ஐந்து வயது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அவர் ஐந்தாம் வகுப்பு மாணவன். அத்தோடு அவரது பள்ளிக்கூடம் முடிந்தது. பின்னர் வன்னியில் குத்தகைக் காணியில் மிளகாய் வைத்தார். 2009 இல் அதையும் விட்டு வந்தார். இன்று மற்றவர் தோட்டத்தில் கூலிவேலை. தகப்பன்வழிக் காணி நாலு பரப்பு இன்னும் கைக்கு வரவில்லை.

சிறிது நேரத்தில் பேச்சுத் தோட்டத்தின் பக்கம் திரும்பியது. அடுத்த போகத்துக்கு ஒரு துண்டுக் காணி குத்தகைக்குக் கிடைக்கலாம் என்றார். எத்தனை மிளகாய்க் கன்று வேண்டும் என்று கேட்டோம்.

"பன்ரண்டு நிரை வைக்கலாம். நிரைக்கு முப்பத்தஞ்சு. நானூற்றி இருபது கண்டு வேணும்."

கடதாசியும் இல்லை, பேனையும் இல்லை. எப்படிக் கணக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டோம்.

"பத்து நிரைக்கு முந்நூற்றி ஐம்பது. மற்ற ரெண்டு நிரைக்கும் எழுபது. இதிலை என்ன கிடக்கு?"

பிள்ளை தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். 12 × 35 என்பது அவளுடைய புத்தகத்தில் கடினமான கணக்கு. அதைக் கணக்கு வராத அப்பா ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது இந்த நிகழ்ச்சிதான். கமக்காரக் குடும்பங்களில் பெருக்கல் இல்லாத வீடு இல்லை. நிரை, பாத்தி, மூடை, கட்டு, கூலி என்று எல்லாமே பெருக்கல்தான். காணியை விட்டு வந்தபோது அந்த அறிவையும் அங்கேயே விட்டு வந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அது எம்மோடுதான் வந்திருக்கிறது. பிள்ளைக்கு அதைக் கைமாற்றிக் கொடுக்கும் வழியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஏன் இது முக்கியம்?

பெருக்கல் சரிவராத பிள்ளைக்கு வகுத்தல் வராது. வகுத்தல் வராத பிள்ளைக்குப் பின்னமும் சதவீதமும் வரா. தரம் 5 புலமைப் பரிசில் பரீட்சையில் தொடங்கும் தடுமாற்றம் க.பொ.த. சாதாரண தரம் வரை தொடர்கிறது. கணிதத்தில் சித்தியடையாத பிள்ளைக்கு முன்னால் உள்ள வழிகள் ஒடுங்கிப் போகின்றன.

பரீட்சை ஒருபுறம் இருக்கட்டும். சந்தைக்கு 40 கிலோ கத்தரிக்காய் கொண்டுபோகிறோம். 10 கிலோவுக்கு 1 கிலோ கழிவு என்று 4 கிலோவைக் கழிக்கிறார்கள். மிச்சம் 36 கிலோ. கிலோ 80 ரூபா என்றால் கையில் எவ்வளவு வரவேண்டும்? 30 எட்டு 240, ஆறெட்டு 48, கூட்டினால் 288; பத்தால் பெருக்க 2,880 ரூபா. இதை நின்ற நிலையில் சொல்லத் தெரிந்தவரிடம் எவரும் குறைத்துக் கொடுக்கத் தயங்குவர். மற்றவர் நீட்டியதை வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான்.

சொல்வதும் விளங்குவதும்

அக்காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். எண்சுவடியை உரத்துச் சொல்லிப் பாடமாக்கினார்கள். ஓசையோடு சொல்வது மனத்தில் நிற்கும். அதை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது மட்டும் போதாது. மேலே கண்ட பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாடு ஒரு பாட்டுப் போலத் தெரியும். பாட்டின் நடுவிலிருந்து ஓரடியைக் கேட்டால், தொடக்கத்திலிருந்து பாடித்தான் அவ்விடத்துக்கு வரவேண்டியிருக்கிறது.

உண்மையில் எமது தமிழ் வாய்ப்பாடு பொருளோடுதான் பேசுகிறது. "மூவேழு" என்றால் மூன்று ஏழுகள். "ஐயாறு" என்றால் ஐந்து ஆறுகள். "எண்ணேழு" என்றால் எட்டு ஏழுகள். பிள்ளை சொல்லும்போது இடையில் நிறுத்தி, "மூவேழு எண்டால் என்ன? புளியங்கொட்டையிலை வைச்சுக் காட்டு" என்று கேளுங்கள். ஏழு ஏழாக மூன்று குவியல் வைத்துக் காட்டினால் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. காட்ட முடியாவிட்டால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொடங்குமுன் மூன்று சோதனைகள்

இடம்பெயர்ந்த பிள்ளைகளின் படிப்பில் இடைவெளி விழுவது வழக்கம். ஒரு பாடசாலையில் மூன்று மாதம், இன்னொன்றில் ஆறு மாதம், இடையில் ஒன்றுமில்லை என்று காலம் போயிருக்கும். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலும் வெள்ளமும் வந்தபோதும் படிப்பு மேலும் அறுந்தது. பிள்ளை நான்காம் தரத்தில் இருக்கலாம். அத்திவாரம் இரண்டாம் தரத்திலேயே நின்றுபோயிருக்கலாம். எனவே முதலில் இவற்றைப் பாருங்கள்.

1. இரண்டிரண்டாக 20 வரையும், ஐந்தைந்தாக 50 வரையும், பத்துப் பத்தாக 100 வரையும் பிள்ளை எண்ணுகிறதா?

2. 8 உம் 6 உம் எத்தனை என்று கேட்டால், ஒன்றிலிருந்து எண்ணாமல் 14 என்று சொல்கிறதா?

3. 42 என்பது நான்கு பத்தும் இரண்டு ஒன்றும் என்று தெரிகிறதா? ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் காட்டச் சொல்லலாம்.

இவற்றில் ஒன்றில் பிள்ளை தடுமாறினால் இரண்டு மூன்று கிழமை அதையே செய்யுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைக்குச் சின்ன வகுப்பு வேலையா என்று வெட்கப்பட வேண்டாம். அத்திவாரம் இடாமல் எவரும் சுவர் எழுப்புவதில்லை.

முதற் படி: முற்றத்தில் நிரை வைத்தல்

இதற்குக் காசு வேண்டியதில்லை. நூறு புளியங்கொட்டை, அல்லது சோடா மூடி, அல்லது சிறு கற்கள் போதும். ஒரு சிரட்டையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"நாலு நிரை. நிரைக்கு ஆறு கண்டு. நட்டுக் காட்டு" என்று சொல்லுங்கள். பிள்ளை நான்கு நிரையாகக் கொட்டைகளை வைக்கும். எண்ணினால் 24. இப்போது பிள்ளையை எழுப்பி அடுத்த பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் ஆறு நிரை, நிரைக்கு நான்கு. ஒரு கொட்டையையும் நாம் தொடவில்லை, தொகையும் மாறவில்லை. நாலாறும் 24, ஆறுநாலும் 24.

இது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் இதை விளங்கிக்கொண்ட பிள்ளைக்குப் பாடமாக்கும் சுமையில் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடுகிறது. 3 × 8 தெரிந்தால் 8 × 3 தெரியும்.

அடுத்ததாக, பாத்தியின் நடுவே வரம்பு கட்டுவதைக் காட்டுங்கள். ஏழு நிரை, நிரைக்கு எட்டு வைத்துவிட்டு, ஒரு சுள்ளியை எடுத்து ஐந்தாம் நிரைக்கும் ஆறாம் நிரைக்கும் இடையில் வையுங்கள். ஒரு பக்கம் ஐயெட்டு 40. மற்றப் பக்கம் ஈரெட்டு 16. இரண்டும் 56. தெரியாத பெரிய கணக்கைத் தெரிந்த இரண்டு சின்னக் கணக்குகளாக உடைத்துவிட்டோம். அந்தத் தகப்பன் பன்னிரண்டு நிரையைப் பத்தும் இரண்டுமாகப் பிரித்ததும் இதே முறைதான்.

இரண்டாம் படி: நூறு கட்டத் தோட்டம்

பாடசாலைகளில் ஒன்றிலிருந்து பத்து வரை ஒழுங்காகப் படிப்பிப்பார்கள். வீட்டில் நாம் இலகுவானதில் தொடங்கலாம். ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பத்து நிரையும் பத்து நிரலுமாக நூறு கட்டம் கீறுங்கள். மேலேயும் பக்கத்திலும் 1 முதல் 10 வரை எழுதுங்கள். இதுதான் பிள்ளையின் தோட்டம். தெரிந்த கட்டங்களைப் பிள்ளையே கரித்துண்டாலோ பென்சிலாலோ நிழற்றிக்கொண்டு போகவேண்டும்.

முதலில் ஒன்றும் பத்தும். இவற்றைப் படிப்பிக்கத் தேவையில்லை. அடுத்து இரண்டு, அது இரட்டிப்பு. அடுத்து ஐந்து, பத்தாம் வாய்ப்பாட்டில் பாதி. 10 × 8 = 80 என்றால் 5 × 8 = 40. இந்த நான்கு எண்களின் நிரையையும் நிரலையும் நிழற்றினால் நூறில் 64 கட்டம் முடிந்துவிடும். மிச்சம் 36.

பின்னர் நான்கு. இது இரட்டிப்பின் இரட்டிப்பு. 4 × 7 வேண்டுமானால் ஈரேழு 14, அதை இரட்டித்தால் 28. நிழற்றுங்கள். மிச்சம் 25.

பின்னர் ஒன்பது. பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழிக்க வேண்டும். 9 × 7 என்றால் 70 இலிருந்து 7 ஐக் கழிக்க 63. இதற்கு ஒரு காவலும் உண்டு: 18, 27, 36, 45, 54, 63, 72, 81, 90 என்று எதை எடுத்தாலும் இரண்டு இலக்கங்களையும் கூட்டினால் 9 வரும். வராவிட்டால் விடை பிழை. நிழற்றுங்கள். மிச்சம் 16.

பின்னர் மூன்று. இரட்டித்து இன்னும் ஒரு மடங்கு சேர்க்க வேண்டும். 3 × 8 என்றால் 16 உம் 8 உம் 24. நிழற்றுங்கள். மிச்சம் 9 கட்டம்.

அந்த ஒன்பதிலும் 6 × 7 உம் 7 × 6 உம் ஒன்றே. 6 × 8 உம் 8 × 6 உம் ஒன்றே. 7 × 8 உம் 8 × 7 உம் ஒன்றே. ஆகவே உண்மையில் மிஞ்சுவது ஆறு மட்டுமே.

நூறு கட்டத்தைப் பார்த்து அஞ்சிய பிள்ளைக்கு "இனி ஆறுதான் கிடக்கு" என்று சொல்லிப் பாருங்கள். அதன் முகம் மலர்வதை நீங்களே காண்பீர்கள்.

மூன்றாம் படி: மிஞ்சிய ஆறு

ஆறாறு: ஐயாறு 30, இன்னும் ஓர் ஆறு. 36.

ஆறேழு: ஐயேழு 35, இன்னும் ஓர் ஏழு. 42.

ஆறெட்டு: ஐயெட்டு 40, இன்னும் ஓர் எட்டு. 48.

ஏழேழு: ஐயேழு 35, ஈரேழு 14. 49.

ஏழெட்டு: நாலேழு 28, அதன் இரட்டிப்பு 56. இதற்கு இன்னொரு ஞாபகக் குறிப்பும் உண்டு: 5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதுங்கள். 56 = 7 × 8.

எட்டெட்டு: நாலெட்டு 32, அதன் இரட்டிப்பு 64.

ஒரு கிழமைக்கு ஒன்று என்று எடுத்தாலும் ஆறு கிழமையில் முடிந்துவிடும். அந்தக் கிழமைக்குரியதை ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கதவிலோ தண்ணீர்க் குடத்துக்கு மேலேயோ ஒட்டிவிடுங்கள். தண்ணீர் அள்ளப் போகும்போதெல்லாம் கண்ணில் படட்டும்.

கையே துணை

கொப்பியும் கொட்டையும் இல்லாத இடத்தில் இரண்டு கையும் உண்டு. 6 முதல் 10 வரையான எண்களை விரலால் பெருக்கும் முறை ஒன்றிருக்கிறது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டுப் போல இருக்கும்.

7 × 8 ஐ எடுப்போம். ஐந்துக்கு மேல் எத்தனையோ அத்தனை விரலை நீட்ட வேண்டும். ஏழுக்கு ஒரு கையில் இரண்டு விரல். எட்டுக்கு மற்றக் கையில் மூன்று விரல். நீட்டிய விரல்கள் மொத்தம் ஐந்து. அவை பத்துகள், ஆகவே 50. மடக்கிய விரல்கள் ஒரு கையில் மூன்று, மறு கையில் இரண்டு. அவற்றைப் பெருக்கினால் 6. இரண்டையும் கூட்ட 56.

6 × 6 ஐப் பாருங்கள். நீட்டியவை ஒன்றும் ஒன்றும், 20. மடக்கியவை நான்கும் நான்கும், 16. கூட்டினால் 36. விடை சரியோ என்று பார்ப்பதற்கு இது நல்லது. ஆனால் பிள்ளை எப்போதும் விரலையே நம்பியிருக்க விடக்கூடாது. நாளடைவில் விரல் தானாக ஓய்ந்துவிடும்.

நாள்தோறும் பத்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் இருத்திப் படிப்பிப்பதைவிட நாள்தோறும் பத்து நிமிடம் நல்லது. பயிருக்குத் தண்ணீர் விடுவதும் அப்படித்தானே. கிழமைக்கொரு தடவை வெள்ளம் கட்டினால் பயிர் நிற்காது. அந்தப் பத்து நிமிடத்தை நாம் இவ்வாறு பிரிக்கலாம்.

முதல் மூன்று நிமிடம்: நேற்றுப் படித்ததை ஒழுங்கு மாற்றிக் கேளுங்கள். ஓரேழு, ஈரேழு என்று வரிசையாகக் கேட்க வேண்டாம். ஆறேழு, மூவேழு, ஒன்பதேழு என்று குழப்பிக் கேளுங்கள். சொல்ல வராவிட்டால் கொட்டையை வைத்துப் பார்க்க விடுங்கள்.

அடுத்த நான்கு நிமிடம்: புதிதாக ஒன்று அல்லது இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

கடைசி மூன்று நிமிடம்: விளையாட்டு. சவர்க்காரப் பெட்டி, பிஸ்கட் பெட்டி அட்டைகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு பக்கம் 6 × 7 என்றும் மறுபக்கம் 42 என்றும் எழுதுங்கள். 2022 இல் கொப்பிகளின் விலை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். வீசும் அட்டையே இதற்குப் போதும். அண்ணனும் தங்கையும் மாறிமாறிக் கேட்கட்டும். சரியாகச் சொன்ன அட்டை சொன்னவருக்கு. பிழைத்த அட்டை அடியில் போய்த் திரும்பவும் வரும். எழுத வாசிக்கத் தெரியாத அம்மம்மாகூட அட்டையைத் தூக்கிப் பிடிக்கலாம். விடையைப் பிள்ளைகளே திருப்பிப் பார்ப்பார்கள். பல்லாங்குழி விளையாடத் தெரிந்த ஆச்சி இருந்தால் இன்னும் நல்லது. பதினான்கு குழி, குழிக்கு ஆறு என்றால் எத்தனை சோகி வேண்டும் என்று கேட்கட்டும். பத்தாறு 60, நாலாறு 24, ஆகவே 84.

இவற்றோடு நாளாந்த வேலைகளிலும் கணக்கை நுழைக்கலாம். "ஆறு கட்டுக் கீரை, கட்டு நாப்பது ரூபா, எவ்வளவு வரும்?" "எங்களிலை எட்டுப் பேர், ஆளுக்கு மூண்டு தோசை, எத்தினை சுடவேணும்?" என்று சமைக்கும்போதும் சந்தைக்குப் போகும்போதும் கேட்கலாம். மறுபக்கமாகவும் கேளுங்கள்: "நாப்பத்திரண்டு புளியங்கொட்டை. ஆறு பேருக்குச் சமனாய்ப் பிரி." பெருக்கல் உறுதியானால் வகுத்தல் அதன் நிழல் போலக் கூடவே வரும்.

பெற்றோர் தவிர்க்க வேண்டியவை

அடிக்க வேண்டாம். "மண்டையிலை ஒண்டும் இல்லை" என்று சொல்லவும் வேண்டாம். பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். இழப்பையும் ஓட்டத்தையும் கண்ட பெரியவர்களின் கோபம், அவற்றைக் காணாத பிள்ளைகளின் முதுகில் விழக்கூடாது.

விடையை உடனே சொல்லிக் கொடுக்க வேண்டாம். மனத்துக்குள் பத்து எண்ணும் வரை பொறுத்திருங்கள். பிழையாகச் சொன்னால் "எப்பிடி வந்தது? காட்டு" என்று கேளுங்கள். அநேகமாகப் பிள்ளையே தன் பிழையைக் கண்டுபிடித்துவிடும்.

அயல் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். நேற்றைய நூறு கட்டத்தோடு இன்றைய நூறு கட்டத்தை ஒப்பிடுங்கள்.

எமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்ட வேண்டாம். "எனக்கும் மறந்துபோச்சு, வா ரெண்டு பேருமாய்ப் பாப்பம்" என்று சொல்லும் தாயிடம் பிள்ளை கூடுதலாகப் படிக்கும். ஆசிரியர் வேறு முறையில் காட்டியிருந்தால் அதைப் பிழையென்று சொல்லவும் வேண்டாம். இரண்டு வழியாலும் ஒரே விடை வருவதைப் பிள்ளை காணட்டும்.

இந்த முறைகளை ஒரு வீட்டில் மட்டுமன்றி நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தும் செய்யலாம். பின்னேரத்தில் ஒரு மர நிழலில் பிள்ளைகளைக் கூட்டி, பெரிய வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையைப் பொறுப்பாக விடுங்கள். சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்கும் பாடம் உறுதியாகும். ரியூசனுக்குக் காசு கட்ட வழியில்லாத குடும்பங்களுக்கு இது பெரிய உதவி.

மறுபடியும் அந்த வீட்டில்

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து அந்தக் குடும்பத்தை மீண்டும் சந்தித்தோம். குத்தகைத் துண்டு கிடைத்துவிட்டது; நாற்றுமேடை போட்டிருந்தார்கள். தகரச் சுவரில் நாட்காட்டித் தாள் தொங்கியது. நூறு கட்டத்தில் இரண்டு மட்டும் வெள்ளையாக இருந்தன: 7 × 8 உம் 8 × 7 உம். "அது நாளைக்கு" என்றாள் பிள்ளை.

தகப்பன் வேலையால் வந்து கை கால் கழுவிவிட்டு எம்மோடு இருந்தார். பிள்ளை அவரிடம் கேட்டாள்:

"அப்பா, ஊரிலை எங்கடை காணி நாலு பரப்பெல்லோ? முழுக்க மிளகாய் வைச்சால் எத்தினை கண்டு பிடிக்கும்?"

அவர் சிறிது யோசித்தார். "ரெண்டடி நிரை, ஒண்டரையடிக்கு ஒரு கண்டு. பரப்புக்குத் தொளாயிரம் எண்டு வையன்."

பிள்ளை கூரையைப் பார்க்கவில்லை. உதடும் அசையவில்லை. "நாலொன்பது முப்பத்தாறு. மூவாயிரத்து அறுநூறு."

தகப்பன் உடனே ஒன்றும் பேசவில்லை. அந்தக் காணியைப் பிள்ளை ஒருநாளும் கண்டதில்லை. ஐந்து வயதில் விட்டு வந்தவருக்கும் அதன் கிணற்றடி மட்டும்தான் ஞாபகம் என்று முன்னர் எமக்குச் சொல்லியிருந்தார்.

"ஓம். அவ்வளவும் பிடிக்கும்" என்றார்.

அந்தக் காணி எப்போது கைக்கு வரும் என்று எம்மால் சொல்ல முடியாது. வரும் நாளில் அதை அளக்கவும், கன்று எண்ணவும், விளைந்ததை விற்றுக் கணக்குப் பார்க்கவும் அப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு சிரட்டை புளியங்கொட்டையோடு முற்றத்தில் இருங்கள். "மூண்டு நிரை, நிரைக்கு அஞ்சு, வைச்சுக் காட்டு பிள்ளை" என்று தொடங்குங்கள்.